சிறார் தீட்டும் நெகிழி ஓவியங்கள்: ஆமை இருக்கிறது, ஆமையிழஞ்சான் இல்லை

திருவனந்தபுரம்: உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5-ஐ ஒட்டிப் பள்ளிகளில் நடைபெறும் ஓவியப் போட்டிகளில் சில காட்சிகள் தவறாமல் இடம்பெறுகின்றன. பையில் சிக்கிய கடலாமை, கண்ணீர் வடிக்கும் பூமி உருண்டை, நெகிழிப் பையின் குறுக்கே சிவப்புக் கோடு. 2018, 2023, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நெகிழி மாசே அந்நாளின் கருப்பொருளாக இருந்ததால், இன்று பள்ளியில் பயிலும் ஒரு தலைமுறையே இப்படங்களை வரைந்து வளர்ந்துள்ளது எனலாம்.

கேரளத் தலைநகருக்குச் சிறார் ஓவியம் புதிதன்று. இங்குள்ள மாநிலக் குழந்தைகள் நலக் குழு ஆண்டுதோறும் வெளியிடும் குழந்தைகள் தினச் சிறப்பு ஸ்டாம்பில் ஒரு மாணவரின் ஓவியமே அச்சாகிறது. 1949-இல் சிறாருக்கான ஓவியப் போட்டியைத் தொடங்கி அதை உலகளாவியதாக வளர்த்த கேலிச்சித்திரக்காரர் சங்கரும் இந்நகரில் கல்லூரிப் படிப்பை முடித்தவர்தாம். ஆகவே, குழந்தைகளின் படங்களை வெறும் அலங்காரமாக இங்கு எவரும் கருதுவதில்லை. கேள்வி வேறு: அப்படங்கள் யாரை நோக்கி விரல் நீட்டுகின்றன?

பெரும்பாலும், குப்பையை வீசும் கையை நோக்கி. ஆனால், சிவப்புக் கோடு இடப்படும் மெல்லிய பைகளும் உறிஞ்சுகுழல்களும் கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதலே தடை செய்யப்பட்டவை. நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதல் 19 வகைப் பொருள்களுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. தண்ணீர்ப் புட்டியும், சிப்ஸ், ஷாம்பு போன்றவற்றை அடைத்து விற்கும் பல அடுக்கு உறைகளும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது என 2022 பிப்ரவரியில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. தடை செய்யப்பட்டதைச் சுவரொட்டி எதிர்க்கிறது. அனுமதிக்கப்பட்டதோ ஓடையில் மிதக்கிறது.

அந்த ஓடைக்கு இந்நகரில் ஒரு பெயர் உண்டு: ஆமையிழஞ்சான் தோடு. (தமிழருக்குத் தோடு காதணி, மலையாளத்தில் ஓடை.) நகரின் நடுவே பாய்ந்து, தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் சுரங்கம் போன்ற பாதையில் செல்லும் இந்த ஓடையைத் தூர்வார 2024 ஜூலை 13 அன்று இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டார். குப்பை இறுகிக் கிடந்ததால் முக்குளிப்போரால் எளிதில் முன்னேற இயலவில்லை. கழிவை அகற்ற ரோபோ இயந்திரம் இறக்கப்பட்டது, கடற்படையினரும் வரவழைக்கப்பட்டனர். ஜூலை 15 அன்று உடல் மீட்கப்பட்டது. ஓடையைத் தூய்மையாக வைப்பது யார் கடமை என்பதில் ரயில்வேக்கும் மாநகராட்சிக்கும் இடையே எழுந்த வாதம், உயர் நீதிமன்றத்தின் முன்னும் தொடர்ந்தது. ஒரு மனிதரின் உயிரைப் பறித்த இந்த நீர்வழியைவிடத் தொலைதூரக் கடலின் ஆமையே நம் ஓவியத் தாள்களுக்கு நெருக்கமாக இருப்பது விந்தை. குழந்தைகளைக் குறை கூறுவதற்கில்லை. எவ்வகைப் படம் பரிசு பெறும் என்பதை அவர்கள் விரைவில் கற்றுக்கொள்கின்றனர்.

வீசும் கையே இல்லாத மாசையும் இந்நகரம் கண்டது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற எம்எஸ்சி எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல் 2025 மே 25 அன்று மூழ்கியது. அதன் பின்னர், பருப்பளவே உள்ள வெண்ணிற நெகிழி மணிகள் திருவனந்தபுரக் கடற்கரைகளில் மூட்டை மூட்டையாகவும் சிதறியும் கரையொதுங்கின. இவை எவரும் பயன்படுத்தி எறிந்தவை அல்ல. பையாகவோ புட்டியாகவோ மாறுமுன் உள்ள மூலப்பொருள். மணலோடு கலந்துவிட்ட அவற்றைத் தன்னார்வலர்கள் கையால் சலித்து எடுத்தனர். இழப்பீடாக 9,531 கோடி ரூபாய் கோரி மாநில அரசு உயர் நீதிமன்றத்தை நாடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த உலக நெகிழி ஒப்பந்தப் பேச்சு உடன்பாடின்றி முடிந்தது. உற்பத்திக்கே வரம்பு விதிப்பதா என்பதுதான் அங்கு முதன்மையான முட்டுக்கட்டை.

அடுத்த போட்டிக்குத் தலைப்புத் தேடும் ஆசிரியர்கள் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. வீடு வீடாகச் சென்று நெகிழிக் கழிவைச் சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள், அதாவது பசுமைப் பணிப் படையினர், பெரும்பாலான குழந்தைகளின் வாசலுக்கே வருகின்றனர். அவர்களின் சாக்குப்பையில் என்ன இருக்கிறது, எந்த நிறுவனத்தின் உறை அதிகம் என்று பார்த்து வரையச் சொன்னாலே படம் மாறிவிடும்.

விழிப்புணர்வைவிட விலை விரைவாக வேலை செய்யும் என்பதற்கும் உள்ளூரிலேயே ஒரு சோதனை நடக்கிறது. மாநில மதுபானக் கழகம் 2025 செப்டம்பரில் திருவனந்தபுரம், கண்ணூர் மாவட்டங்களின் சில கடைகளில் புட்டிக்கு 20 ரூபாய் வைப்புத்தொகை பெற்று, காலிப் புட்டியைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறையைத் தொடங்கியது. தமிழகத்தில் டாஸ்மாக் 2022-இல் நீலகிரியில் 10 ரூபாயுடன் தொடங்கியதன் வழியில் வந்தது இது. மதுப்புட்டியைப் பள்ளித் தாளில் வரையச் சொல்ல எந்த ஆசிரியரும் துணியமாட்டார் என்பது உண்மைதான். ஆனால் ஓடையை அடைக்கும் குடிநீர், குளிர்பானப் புட்டிகள் இத்திட்டத்தில் அடங்கவில்லை.