சுப்ரமணியம் பெயரைச் சொல்லிக் குண்டு போடாதீர்கள்



நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பதிவு சுற்றுகிறது. கே. சுப்ரமணியம் சொன்னதைக் கேட்டு அணுகுண்டை வீசியிருந்தால் பாகிஸ்தான் கதை ஒரே நாளில் முடிந்திருக்குமாம். என்னிடம் படித்தவர்களே அதற்குக் கைதட்டியிருக்கிறார்கள். சும்மா இருக்க முடியவில்லை.

'தியாகபூமி' எடுத்த சுப்ரமணியம் வேறு. இவர் 1929ல் திருச்சியில் பிறந்து, நம் மெரினா எதிரே உள்ள மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்து, 1951ல் ஐ.ஏ.எஸ். ஆனவர். ஜெய்சங்கரின் அப்பா என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். பிள்ளையை வைத்து அப்பாவை அடையாளம் சொல்வது எனக்குப் பிடிக்காது, போகட்டும். 1968ல் டெல்லியில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். இந்த நாட்டில் பாதுகாப்பைப் பற்றிப் பொதுவெளியில் யோசிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் அவர் முதல் வரிசை.

அவர் ஒன்றும் அகிம்சாவாதி இல்லை. 1971ல் வங்கதேச விஷயத்தில் இந்தியா தலையிட வேண்டும் என்று வெளிப்படையாக வாதாடினார். 1964 அக்டோபர் 16ல் சீனா அணுகுண்டு வெடித்தது. 1968ல் வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தமோ, 1967 ஜனவரி 1க்கு முன்னால் வெடித்தவன் வைத்துக்கொள்ளலாம், மற்றவன் தொடக்கூடாது என்றது. வகுப்பில் முதலில் வந்தவனுக்கு மட்டும் பெஞ்சு, மற்றவனெல்லாம் தரையில் என்பது போல! இது அநியாயம், நமக்கும் அணு ஆயுதம் வேண்டும் என்று முப்பது வருஷம் சளைக்காமல் எழுதினார். இதுவரை உங்கள் பதிவு சரி.

எதற்கு வேண்டும் என்றார் என்பதைத்தான் வசதியாக விட்டுவிட்டீர்கள். போரில் வீசுவதற்கு அல்ல. நம்மை அடித்தால் திருப்பி அடி விழும் என்ற பயம் எதிரிக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பயத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு போதும். அமெரிக்காவும் ரஷ்யாவும் 1980களில் அறுபதாயிரத்துக்கு மேல் குவித்து வைத்திருந்தார்களே, அந்தப் பைத்தியக்காரத்தனம் நமக்கு வேண்டாம். 1999 ஆகஸ்டில் அணு ஆயுதக் கொள்கை வரைவை வெளியிட்ட பாதுகாப்பு ஆலோசனைக் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளர் இவர்தான். அதில் தெளிவாக இருக்கிறது: இந்தியா முதலில் பயன்படுத்தாது. சீனாகூட 1964ல் வெடித்த அன்றே இதைத்தான் அறிவித்தது.

ஒரே நாளில் முடிப்பாராம்! எதிரியிடமும் அது இருக்கிறது ஐயா. திரும்பி வந்தால் ரங்கநாதன் தெரு ஏது, அடையாறு ஆலமரம் ஏது?

கார்கில் சண்டை முடிந்ததும் விசாரணைக் குழுவுக்கும் அவரையே தலைவராக்கினார்கள். வெற்றிக் கொண்டாட்டத்தின் நடுவே, நம் உளவு ஏற்பாட்டில் எங்கெல்லாம் ஓட்டை என்று எழுதிக் கொடுத்தது அந்தக் குழு. அதே 1999ல் பத்மபூஷண் வந்தது. அரசு அதிகாரியும் பத்திரிகையாளரும் அரசாங்க விருது வாங்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். கைதட்டலுக்குப் பேசுகிற ஆளா அவர்?

2011ல் காலமாகிவிட்டார், வந்து மறுக்க மாட்டார் என்ற தைரியம்தானே உங்களுக்கு? அந்த வரைவு ஆங்கிலத்தில் சில பக்கங்கள்தான், இணையத்தில் கிடைக்கிறது. பதிவு போட்ட தம்பி முதலில் அதைப் படிக்கட்டும். பிறகு மயிலாப்பூருக்கு வரட்டும், காபி நான் தருகிறேன். அதுவரை அந்தப் பதிவைக் குழுவிலிருந்து எடுத்துவிடு, தம்பி.