அமோனியாக் கசிவும் கிராமத்தார் கடமையும்

குளிர்சாதனக் கிடங்குகளில் மிளகாய் வற்றலையும் புளியையும் இருப்பு வைத்து, விலை ஏறிய காலத்தில் விற்பது லாபகரமான வழக்கமே. எனினும், அக்கிடங்குகள் பலவற்றைக் குளிர்விக்கும் அமோனியா குழாயை விட்டு வெளிப்பட்டால் செய்யவேண்டியது யாது என்ற விஷயத்தில் கவனம் போதாது. சரக்குக்கு இன்ஷ்யூரன்ஸ் உண்டா என்று விசாரிக்கும் விவசாயி, யந்திர அறை ஊருக்கு எத்திசையில் உள்ளது என்று விசாரிப்பதில்லை.

அம்மோனியம் சல்பேட் உரத்துடன் சுண்ணாம்பைக் கலந்தால் எழும் காரநெடி அமோனியாவின் நெடியே. குழாய்களுக்குள் அழுத்தத்தால் திரவமாயிருக்கும் இது, வெளிவந்தால் பூஜ்யத்துக்குக் கீழ் 33 டிகிரி செண்டிகிரேடிலேயே கொதித்து ஆவியாகும். நீரில் மிக எளிதாகக் கரைவதால், ஈரமுள்ள கண், தொண்டை, நுரையீரல், வியர்வை படிந்த தோல் ஆகியவற்றையே முதலில் புண்ணாக்குகிறது. காற்றைவிட இலேசானதாயினும், பெருங்கசிவில் குளிர்ந்த வெண்புகையாய்த் திரண்டு தரையோடு தவழும். ஆகையால், மேலே போய்விடும் என்று நம்பி நிற்பது பிராணாபத்து.

நீண்ட மின்தடைக்குப் பின் யந்திரங்களை மீண்டும் ஓட்டும் வேளை மிகுந்த ஜாக்கிரதைக்குரியது. அமெரிக்காவில் அலபாமாவைச் சேர்ந்த தியோடர் என்னும் ஊரில், 2010 ஆகஸ்டு 23ந் தேதி, அத்தகைய வேளையில் ஒரு கிடங்கின் குழாய் உடைந்து 32,000 ராத்தலுக்கு மேல் அமோனியா வெளியேறிற்று. காற்றுப்போக்கில் சுமார் கால் மைல் தூரத்திலிருந்தோரும் துன்புற்றனர். யந்திரத்தை உடனே நிறுத்தாமல், ஓடும்போதே கசிவை அடைக்க முயன்றது அங்கு நேர்ந்த பெரும் பிழை. தூத்துக்குடி அருகே 2024 ஜூலையில் மீன் பதனிடும் ஆலையொன்றில் அமோனியா கசிந்து பெண் தொழிலாளிகள் பலர் ஆஸ்பத்திரி சேர்ந்தனர்.

எனவே முதற்காரியம் யந்திரத்தை நிறுத்துவது. அதற்குரிய சுவிட்சு அறைக்கு வெளியே இருத்தல் அவசியம். அடைபட்ட அறையில் அமோனியா நூற்றுக்கு 15 முதல் 28 பங்கு சேர்ந்தால் தீப்பற்றக்கூடும். ஆகவே உள்ளே விளக்குச் சுவிட்சைத் தொடலாகாது. சுவாசக் கருவி அணிந்த பயிற்சியாளர் தவிர மற்றவர் உள்ளே நுழைதல் கூடாது. முகத்தில் கட்டும் ஈரத்துணி தப்பியோடுவதற்கே உதவும், நுழைவதற்கு உதவாது. வெளியேறுவோர் காற்றுக்குக் குறுக்காக நடந்து, பின்பு காற்று வரும் பக்கம் சேரவேண்டும். வெளியேற இயலாதவர் கதவு ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி செருகுவது நலம். தேங்கிக் கிடக்கும் திரவத்தின்மேல் குடம் குடமாய் நீர் கொட்டுவது, அதைப் பொங்கச்செய்து புகையைப் பெருக்கும். ஆவியின்மேல் நீர் தெளிப்பது தீயணைப்புப் படையினர் வேலை. கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிஷம் சுத்த நீரால் கழுவி வைத்தியரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். விளக்கெண்ணெயும் தாய்ப்பாலும் வேண்டா.

எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கது மூட்டைக்காரரின் ஆசையே. அமோனியா பட்ட வெங்காயம் நிறம் மாறிக் கெடும். மிளகாய்க்கும் நஷ்டம் வரலாம். வரட்டும். அதற்காக ஒரு கூலியாளையும் உள்ளே அனுப்ப எவருக்கும் உரிமை இல்லை. நாள்தோறும் வரும் சிறு நெடியைச் சகஜமென்று விட்டுவிடுவதும் அத்தகைய குற்றமே. மூக்கு பழகிவிடும், கசிவு பழகாது.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும், யந்திரத்தை நிறுத்துவோர் யார், சுவாசக் கருவி எங்குள்ளது என்பவற்றைக் கிடங்குக்காரரிடம் எழுத்தில் பெறுதல் தகும். இது வாடிக்கைக்காரரை வெருட்டும் என்னும் ஆட்சேபம் ஏற்கத்தக்கதன்று. தென்மேற்குப் பருவத்தில் காற்று ஒரு திசை, வடகிழக்கில் மற்றொரு திசையாதலால், ஜனங்கள் கூடுமிடம் இரண்டு குறிக்கவேண்டும். 101 அல்லது 112க்குச் செய்தி சொல்லும்போது, காற்று எப்பக்கம் வீசுகிறது, வண்டி எந்தப் பாதையில் வரவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.