ஆசிரியரின் நடத்தையும் ஓர் அமானிதமே

பிள்ளைகளின் மதிப்பெண் குறையும்போது நாம் முதலில் பிள்ளையைக் குறை கூறுகிறோம், அடுத்துக் கைப்பேசியை. வகுப்பறையில் அப்பிள்ளை எவ்வாறு நடத்தப்படுகிறது என்று வினவுவோர் சிலரே. இராமேஸ்வரத்தில் பிறந்த டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் பள்ளிப் பருவம் இவ்வினாவின் கனத்தை நமக்கு உணர்த்துகிறது.

அவர் ஐந்தாம் வகுப்பில் பயின்றபோது புதிதாக ஓர் ஆசிரியர் வந்தார். தொப்பியணிந்த முஸ்லிம் சிறுவன், கோயில் அர்ச்சகரின் மகனுக்கு அருகே முன்வரிசையில் அமர்ந்திருப்பதைப் பொறாமல், கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். செய்தியறிந்த அர்ச்சகர் இலட்சுமண சாஸ்திரிகள் அவ்வாசிரியரை வரவழைத்துக் கண்டித்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும், இன்றேல் பள்ளியையும் தீவையும் விட்டு வெளியேற வேண்டும் என்றார். ஆசிரியர் வருந்தினார், திருந்தவும் செய்தார்.

அவ்வூரிலேயே அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயரும் இருந்தார். ஆசாரமிக்க குடும்பத்தவராயினும், அச்சிறுவனைத் தம் இல்லத்துக்கு உணவுண்ண அழைத்தார். மனைவியார் பரிமாற மறுக்கவே, தாமே பரிமாறி உடனமர்ந்து உண்டார். அடுத்த முறை அம்மையாரே பரிமாறினார். பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் விளக்கியதோடு நில்லாமல், கடற்கரைக்கு அழைத்துச் சென்று காட்டியவரும் அவரே. தம் வானூர்திப் பொறியியல் பயணத்துக்கு அப்பாடமே வித்து எனக் கலாம் பலமுறை கூறியுள்ளார்.

இழிவுபடுத்தப்பட்ட பிள்ளை வினா எழுப்பாது. வினா எழுப்பாத பிள்ளைக்குப் பாடம் சென்று சேராது. ஆகவே ஆசிரியரின் நடத்தை பாடத்துக்குப் புறம்பானதன்று. பாடத்தின் முதற்பகுதி அதுவே.

சாஸ்திரிகளின் மகனை எவரும் இடம் மாற்றவில்லை. எனினும் அவர் பிறர் பிள்ளைக்காகப் பேசினார். நமக்கே எதிராயினும் நீதியில் நிலைத்திருக்குமாறு குர்ஆன் (4:135) பணிக்கிறது. அவ்வாறெனில் நம் பள்ளிகளிலும் மதரஸாக்களிலும் ஏழைப் பிள்ளையோ, மாற்று மதத்துப் பிள்ளையோ ஏளனத்துக்கும் பிரம்புக்கும் ஆளாகும்போது நாம் பேசுகிறோமா?

கல்வி உரிமைச் சட்டம், 2009 உடல் தண்டனையையும் மன வதையையும் தடை செய்கிறது. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடம் பெற்றோருக்கே உரியது. அவ்விடங்களில் நாம் அமர வேண்டும். நல்லாசிரியரைப் பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும். தவறுபவரைக் கண்ணியத்துடன் திருத்த வேண்டும். பிள்ளைகள் அமானிதம் எனில், அவர்களை ஒப்படைத்த பின்னும் நம் பொறுப்பு தீர்வதில்லை.