கடைக்கு ஒரு கை, பிள்ளைக்கு ஒரு வாசல்

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 26-இல். ஆனாலும், பட்டம் வாங்கிய தலித் வீட்டுப் பிள்ளைகளும் கல்வராயன்மலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளும் வேலை தேடி இன்னமும் சென்னைக்கும் திருப்பூருக்கும்தான் பேருந்து ஏறுகிறார்கள். உள்ளூரில் தொழில் இல்லாமல் இல்லை. அரிசி ஆலைகள், ஜவ்வரிசி ஆலைகள், மரச்சிற்பக் கூடங்கள், மொத்த வியாபாரக் கடைகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால், அங்கே ஆள் சேர்ப்பது பெரும்பாலும் உறவு வழியாக, தெரிந்தவர் வழியாக. அந்த வட்டத்துக்குள் இந்தப் பிள்ளைகளின் பெயர் எட்டுவதே இல்லை.

இந்தச் சுவரில் ஒரு வாசல் திறக்கக் கல்லூரி மாணவர்களைப் பயிற்சிக்கு எடுப்பது எளிய வழி. இது தர்மம் அல்ல, முதலாளிக்கும் லாபம். சிறு கடைக்காரரால் முழுநேரக் கணக்கர் வைக்க முடியாது. வணிகவியல் மாணவர் ஒருவர் இரண்டு மாதம் உட்கார்ந்தால் ஜிஎஸ்டி கணக்கும் சரக்கிருப்பும் ஒழுங்குக்கு வரும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதைப் படம் எடுத்து, விவரம் எழுதி, இணையத்தில் விற்க ஆள் வேண்டும். மலையின் தேனுக்கும் புளிக்கும் கடுக்காய்க்கும் அதே தேவைதான்.

தலித் தொழில்முனைவோருக்கு இது இன்னும் அவசியம். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத மானியம் தருகிறது. மத்திய அரசின் 2012-ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கையோ, பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு நிறுவனங்களிடம் 4 சதவீதம் வாங்கச் சொல்கிறது. இரண்டையும் எட்டத் திட்ட அறிக்கை, பதிவு, இணைய விண்ணப்பம் வேண்டும். கைத்திறன் உள்ளவர் தாளில் தோற்றுப்போகிறார். அந்தத் தாளை நிரப்பத் தெரிந்த பிள்ளை பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது.

படிப்பை முடித்தவர்களுக்குத் தொழிற்பழகுநர் சட்டம், 1961 இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநரை எடுத்தே ஆக வேண்டும். 4 பேர் இருந்தாலே விரும்பி எடுக்கலாம். பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என 2019-இல் விதி செய்யப்பட்டது. தேசியப் பயிற்சித் திட்டத்தின்கீழ் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. குறித்த தொழிற்பிரிவுகளில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இடஒதுக்கீடும் இச்சட்டத்திலேயே உண்டு.

ஆனால், ஓர் எச்சரிக்கை. சம்பளமில்லாப் பயிற்சி என்பது வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே கட்டுப்படியாகும். அப்பா கரும்பு வெட்டப் போகும் வீட்டில், வெள்ளிமலையிலிருந்து இறங்கி வரும் பேருந்துக் கட்டணமே பெரும் பாரம். பயிற்சி என்று அழைத்துவிட்டு டீ வாங்கவும் கடை பெருக்கவும் அனுப்பினால், அது பழைய பண்ணை வேலையின் புதுப் பெயர்தான். “எந்தத் தெரு?” என்ற கேள்வியோடு தொடங்கும் நேர்காணல் பயிற்சியின் வாசலையே மூடிவிடும்.

2024 ஜூனில் விஷச் சாராயம் கருணாபுரத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இழப்பீடு ஒருமுறை வரும். வேலை மாதந்தோறும் சோறு போடும். மாவட்ட நிர்வாகமும் தாட்கோவும் கல்லூரிகளும் வணிகர் சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்து, எந்தக் கடையில் எத்தனை இடம், என்ன வேலை, எவ்வளவு உதவித்தொகை என்று பட்டியல் போடட்டும். அந்தப் பட்டியலைக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் எல்லோரும் பார்க்க ஒட்டட்டும். தெரிந்தவர் வழியாக மட்டுமே திறந்த கதவு, தெரியாத பிள்ளைக்கும் அப்போதுதான் திறக்கும்.