சாம்பல் முகிலும் செந்நிறப் படமும்

நம் பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் சென்ற சனவரித் திங்களில் ஓரிரவு முகம் வாடியவராய் என்னிடம் வந்தார். நண்பர்கள் சேர்ந்து சிறு தொலைநோக்கி ஒன்றை இரவல் வாங்கி, வீட்டு மொட்டைமாடியில் நிறுத்தி, ஓரியன் என்னும் விண்மீன் கூட்டத்திலுள்ள பெரிய நெபுலாவை, அதாவது வான்முகிலை, பார்த்தார்களாம். கைப்பேசியில் அவர் கண்டிருந்த படத்தில் அது செந்நிறமும் ஊதாவும் கலந்து விரிந்த மலராக இருந்தது. தொலைநோக்கியிலோ சாம்பலில் புரண்ட பஞ்சுத் துணுக்கைப் போல் ஏதோ மங்கலாகத் தெரிந்ததாம். “அப்படியானால் அந்தப் படங்களெல்லாம் பொய்தானே, சாமி?” என்றார்.

நேர்மையான கேள்வி. அன்றே விடை கூற எனக்கு இயலவில்லை. நூல்களைப் புரட்டி அறிந்துகொண்டதை அவருக்குச் சொன்னேன், உங்களுக்கும் எழுதுகிறேன்.

முகிலைக் காண விரும்புவோர் மார்கழி, தை மாதங்களின் முன்னிரவில் செந்நிறமாக ஒளிரும் திருவாதிரையைத் தேடுங்கள். அதற்குத் தெற்கே மூன்று மீன்கள் ஒரே வரிசையில் நிற்கும். அவற்றுக்கும் தெற்கே மங்கலான மூன்று புள்ளிகள்; அவற்றுள் நடுவில் இருப்பதே முகில். அதன் தொலைவு ஏறத்தாழ 1,300 ஒளியாண்டு. பல்லவர் காஞ்சியில் ஆண்ட நாளில் புறப்பட்ட ஒளிதான் இன்று நம் கண்ணில் விழுகிறது.

அத்தனை தொலைவு வந்த ஒளியை நம் கண் என்ன செய்கிறது? சேமிப்பதில்லை. ஒரு நொடியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்குள் வந்ததைக் கண்டு, அதை விட்டு, அடுத்ததற்குப் போய்விடுகிறது. இருளுக்குப் பழகிய கண் ஒரு மணி நேரம் உற்று நோக்கினாலும் ஒளி கூடிவிடாது. மங்கிய ஒளியில் நிறங்களைக் காணும் ஆற்றலும் அதற்கு இல்லை. நிலவொளியில் செம்பருத்தி கறுத்துத் தோன்றுவதைத் தோட்டத்தில் கண்டிருப்பீர்கள்.

ஆகவே கண்ணே முடிவான சாட்சி என்று கொள்வதற்கில்லை. முற்காலத்து அறிஞர் இம்முகிலைக் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தனர். நன்னம்பிக்கை முனையிலிருந்து 1830களில் ஜான் ஹெர்ஷல் வரைந்தார். அயர்லாந்தில் ராஸ் பிரபுவின் 72 அங்குலத் தொலைநோக்கி வழியாகவும் வரைந்தார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் பாண்ட் வரைந்தார். ஒருவர் ஓவியம் மற்றவருடையதோடு ஒத்துப்போகவில்லை. முகில் மாறிற்றா, அல்லது வரைந்த கைதான் மாறிற்றா? வழக்குத் தீராமலே நின்றது.

அதைத் தீர்க்கும் வழி வீட்டுத் தோட்டங்களிலிருந்து வந்தது என்பதே எனக்கு வியப்பு. 1880ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் நியூயார்க்கை அடுத்த ஹேஸ்டிங்ஸ் என்னும் ஊரில், தமது சொந்த ஆய்வகத்தில், மருத்துவம் பயின்ற ஹென்றி டிரேப்பர் 51 நிமிடம் தகட்டைத் திறந்துவைத்து இம்முகிலின் முதல் புகைப்படத்தை எடுத்தார். அதனை விஞ்சியவர் ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன் என்னும் ஆங்கிலேயர். அவர் வானியலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர், சுகாதாரப் பொறியாளர். சாக்கடையும் குழாயும் அமைப்பதே பிழைப்பு. லண்டனுக்கு மேற்கே, அப்போது இரயில் வசதி பெற்று வீடுகள் பெருகிவந்த ஈலிங் என்னும் புறநகரில், தம் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கியை நிறுவியிருந்தார்.

1883 சனவரி 30 இரவு அவர் தகட்டை 37 நிமிடம் திறந்துவைத்தார். அந்த நேரத்தில் வானம் சும்மா நிற்பதில்லை. பூமியின் சுழற்சியால் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம், 37 நிமிடத்தில் ஒன்பது பாகைக்கு மேல், அதாவது முழுநிலாவின் அகலத்தைப் போல் பதினெட்டு மடங்கு நகர்ந்துவிடும். தொலைநோக்கியும் பிசகாமல் உடன் செல்லவேண்டும். பெரும் பாரம் தடையின்றித் திரும்பும் பொருட்டுக் காமன் அதன் அச்சைப் பாதரசத்தில் மிதக்கவிட்டார். குழாய்த் தொழில் கற்றவருக்கு அந்த எண்ணம் தோன்றியதில் வியப்பில்லை! அந்தத் தகட்டில், அதே கருவி வழியாகக் கண்ணால் காணவியலாத விண்மீன்களும் பதிந்திருந்தன. மறு ஆண்டே இங்கிலாந்தின் அரச வானியல் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கிற்று.

இன்று புறநகர்த் தோட்டத்தில் நின்று படமெடுப்போரும் இதே வழியைத்தான் பின்பற்றுகின்றனர். தகட்டுக்குப் பதில் மின்னணு ஒளிப்படக் கருவி. ஒரே நெடிய பதிவுக்குப் பதில் சில நிமிடப் பதிவுகள் பல நூறு. அவற்றைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பார்கள். பதிவுகளை நான்கு மடங்காக்கினால் படத்தின் பொரிபொரியான கலக்கம் பாதியாகும். அவர்களுக்குப் பெரும்பகை தெருவிளக்கு. பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியை வடிகட்டிவிடலாம். இப்போது பெருகிவரும் வெள்ளை எல்.இ.டி. விளக்கோ எல்லா நிறத்திலும் பரவுவது. ஆயினும் முகிலின் ஹைட்ரஜன் வாயு 656 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பாக ஒளிர்வதால், அந்த ஒடுங்கிய பட்டையை மட்டும் விடும் வடிகண்ணாடி ஒன்றைப் பொருத்தி, நகரொளியின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறார்கள்.

ஆகவே அந்தச் சிவப்பு பொய்யன்று. நம் கண்ணுக்கு எட்டாதது, அவ்வளவே. காமனின் தகடு அதனையும் அறியாது. அக்காலத் தகடுகளுக்கு நீலமும் ஊதாவுமே புலப்படும். அவர் படம் மெய்யாயினும் அரைகுறை மெய்.

ஆனால் மாணவரின் ஐயத்தில் ஒரு பாதி நியாயமும் உண்டு. 1995இல் ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த கழுகு முகிலின் புகழ்பெற்ற தூண்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் கந்தகத்துக்குச் சிவப்பும், ஹைட்ரஜனுக்குப் பச்சையும், ஆக்சிஜனுக்கு நீலமும் ஏற்றப்பட்டுள்ளன. கந்தகமும் ஹைட்ரஜனும் உண்மையில் சிவப்பாகவே ஒளிர்வன. இரண்டையும் பிரித்துக் காட்டவே இந்த ஏற்பாடு. நிலப்படத்தில் நாடுகளுக்கு வண்ணம் தீட்டுவது போன்றது. இதனைப் படத்தின் கீழே எழுதிவிட்டால் குற்றமில்லை. எழுதாமல் பரப்புவோர்மீதுதான் எனக்கு வருத்தம்.

இவ்வளவையும் கேட்ட பின் அந்த மாணவர் சும்மா இருக்கவில்லை. மாடிச் சுவரில் சாக்குப் படுதா கட்டித் தெருவிளக்கை மறைத்தார். பழைய ஒளிப்படக் கருவியொன்றை முக்காலியில் பொருத்தினார். சென்ற வாரம் தம் முதல் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு நிமிடப் பதிவுதான். அதற்குள்ளேயே மீன்கள் ஒவ்வொன்றும் சிறு கோடாக இழுபட்டிருந்தன. பாதரசம் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார். வேண்டாம் தம்பி, அது நஞ்சு. மீன்களின் போக்கிலே கருவியைத் திருப்பும் சிறு மின்விசைப் பொறிகள் இப்போது கடைகளில் விற்கின்றன என்று சொல்லியிருக்கிறேன்.