கைத்தொழிலுக்கும் காணி வேண்டும்

இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பார்க்க வருகின்ற பலர் ஓர் ஆறுதல் வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போகின்றனர்: "காணி போனாலும் கையிலே தொழில் இருக்கிறதுதானே." கேட்பதற்கு இதமான வார்த்தை. ஆனால் அது பாதி உண்மை மாத்திரமே. மீதிப் பாதியை அறிந்துகொள்ள யப்பானிலுள்ள ஒரு குடும்பத்தின் வரலாறு எமக்கு உதவும்.

1592 முதல் 1598 வரை யப்பானியப் படைகள் கொரியா மீது போர் தொடுத்தன. அக்காலத்தில் யப்பானியப் பிரபுக்களிடையே தேநீர்ச் சடங்கு பெருமதிப்புப் பெற்றிருந்தது. அச்சடங்குக்கு உகந்தவையெனக் கொரியக் கிண்ணங்களைப் பெரிதும் விரும்பினர். ஆகவே நாடு திரும்பிய படைத்தலைவர்கள் கொரியக் குயவர்களையே சிறைப்பிடித்துச் சென்றனர். நாம்வொன் நகரில் பிடிபட்டு, தென் யப்பானின் சற்சுமா நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களில் சிம் குடும்பத்தின் மூதாதையும் ஒருவர். 'சின் ஜுகான்' என்ற பெயரைத் தாங்கி, அக்குடும்பத்தின் 15ஆம் தலைமுறை இன்று மியாமா கிராமத்தில் மட்பாண்டம் வனைகின்றது.

அங்கு ஆரம்பத்தில் செய்யப்பட்ட கிண்ணங்களை 'ஹிபாகரி' என்பர். 'நெருப்பு மாத்திரம்' என்பது அதன் பொருள். மண் கொரியாவினது, வனைந்த கைகளும் கொரியருடையவை. சூளையின் நெருப்பு மாத்திரமே யப்பானுடையது.

கொண்டுவந்த மண் எத்தனை நாளைக்குப் போதும்? சற்சுமாவிலேயே தகுந்த வெள்ளைக் களிமண் கிடைத்தது. குடியிருக்க இடமும், சூளை கட்ட வசதியும், செய்ததை வாங்கப் பிரபுவின் ஆதரவும் இருந்தன. அதனாலேயே தொழில் பிழைத்தது. 1871இல் பிரபுக்களின் ஆட்சி ஒழிந்து ஆதரவு அற்றபோது அத்தொழில் தளர்ந்தது. 12ஆவது சின் ஜுகான் 1873இல் வியன்னாக் கண்காட்சிக்குத் தமது பாண்டங்களை அனுப்பி, வெளிநாட்டுச் சந்தையைத் தேடியே அதை நிமிர்த்தினார். மனிதரைக் கடத்திய அநீதியை இவை எதுவும் நியாயப்படுத்தாது. ஆனால் ஓர் உண்மை தெளிவாகின்றது. கைத்திறன் தனியே வாழாது. அதற்கு மண் வேண்டும், சந்தை வேண்டும், கற்பிக்கக் காலமும் வேண்டும்.

குறிஞ்சாக்கேணி முதல் சம்பூர் வரை வயலை நம்பி வாழும் எமது குடும்பங்களுக்கும் இது பொருந்தும். கமமும் குடும்பத்தினுள் கைமாறும் தொழிலே. எந்த வரவையில் எந்த நெல் நிற்கும், எந்த மழைக்கு விதைப்பது, மதகை எப்போது திறப்பது என்பவற்றைத் தகப்பனோடு வயலில் நின்றே பிள்ளை கற்கின்றது. 2006இல் சம்பூரை விட்டு வெளியேறிய மக்கள் 2015இலும் 2016இலுமே தமது காணிகளுக்குத் திரும்ப முடிந்தது. வெளியேறியபோது 8 வயதாயிருந்த பிள்ளைக்குத் திரும்பும்போது 18 வயது. நடுவில் எத்தனை பெரும்போகங்கள், எத்தனை சிறுபோகங்கள்! அப்பிள்ளை கற்காமற்போன பாடத்தை எந்த நட்டஈட்டுப் படிவம் கேட்டது?

ஆகவே மீள்குடியேற்றம் என்பது வீடும் வேலியும் மாத்திரமல்ல. குளமும் மதகும், மேய்ச்சல் தரையும், குயவனுக்குக் களிமண் எடுக்கும் இடமும் சேர்ந்தே திரும்பவேண்டும். முதல் அறுவடையோடு உதவியை நிறுத்தலாகாது. தவறிய ஒரு போகத்தைத் தாங்குமளவுக்காவது அது நீடிக்கவேண்டும். அதிகாரிகளிடம் இதைக் கேட்பது பிச்சையல்ல, உரிமை.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கராயினும், பிள்ளைகளை வரம்புக்கு அழைத்துச் செல்லுங்கள். பழைய வயல்களின் பெயர்களையும் வாய்க்கால்களின் போக்கையும் மூத்தோரிடம் கேட்டுச் சங்கக் கொப்பியில் எழுதி வையுங்கள். 1998இல், 400 ஆண்டுகள் நிறைவுற்றபோது, சின் ஜுகான் குடும்பத்தினர் நாம்வொனிலிருந்து நெருப்பைக் கொண்டுவந்து மியாமாவில் சூளை மூட்டினர். இம்முறை மண் யப்பானுடையது, நெருப்பு கொரியாவினது. எங்கிருந்து வந்தோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த குடும்பத்துக்கே எங்கே போய் நெருப்பெடுப்பது என்று தெரியும்.