பிரீசெட்டைக் காணோமா? டென்ஷன் வேணாம்!

கல்ச்சுரல்ஸ் முடிஞ்சாச்சு. மெமரி கார்டு நிறைய போட்டோ. பாதியை எடிட் பண்ணிக் கொடுத்தாச்சு, மீதியை நாளைக்குள்ள கொடுக்கணும். 'லைட்ரூம் கிளாசிக்'கைத் திறந்தா, பார்த்துப் பார்த்துச் சேர்த்த பிரீசெட் ஒண்ணைக்கூடக் காணோம்! பாதி போட்டோ ஒரு கலர்லயும், மீதி வேறொரு கலர்லயும் போனா, டிபார்ட்மென்ட் மேகஸின் டீம் சும்மா விடுமா?

இந்த நேரத்துல நம்ம ஆளுங்க செய்யற முதல் வேலை, சாஃப்ட்வேரைத் தூக்கிட்டு மறுபடியும் இன்ஸ்டால் பண்றது. ப்ளீஸ், அதைக் கடைசிக்கு வெச்சுக்குங்க பாஸ்! பிரீசெட் ஒண்ணும் மந்திரம் கிடையாது. எக்ஸ்போஷர் எவ்வளவு, கான்ட்ராஸ்ட் எவ்வளவுன்னு எண்களை எழுதி வெச்ச குட்டி டெக்ஸ்ட் ஃபைல். பெரும்பாலும் அது தொலையறதில்லை. சாஃப்ட்வேர் வேற இடத்துல தேடிக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான். வரிசையா செக் பண்ணுங்க.

ஒளிஞ்சிருக்கா?
'டெவலப்' பகுதியில இடப்பக்க பேனலே மறைஞ்சிருந்தா எஃப்7 தட்டுங்க. பேனல் இருக்கு, பிரீசெட் குரூப்தான் இல்லைன்னா, அங்கே இருக்கிற பிளஸ் குறியில் 'மேனேஜ் பிரீசெட்ஸ்' போய், டிக் எடுபட்டிருக்கான்னு பாருங்க.

ஜேபெக் போட்டோவா?
சில பிரீசெட்கள் ரா ஃபைலுக்குன்னே உருவான புரொஃபைலை நம்பி இருக்கும். ஜேபெக் படத்தைத் திறந்தா அவை தலைகாட்டாது. 'பிரிஃபரன்சஸ்'ல 'பிரீசெட்ஸ்' டேபுக்குப் போய், 'ஷோ பார்ஷியலி கம்பேட்டிபிள் டெவலப் பிரீசெட்ஸ்' என்பதை டிக் பண்ணுங்க.

புது கேட்டலாக்கா?
சந்தேகப் பட்டியல்ல முக்கியமான ஆள் இவர்தான். ஒவ்வொரு விழாவுக்கும் தனி கேட்டலாக் போடறவங்க ஜாக்கிரதை! அதே டேபில் 'ஸ்டோர் பிரீசெட்ஸ் வித் திஸ் கேட்டலாக்' டிக் ஆகியிருந்தா, கேட்டலாக் பக்கத்துல இருக்கிற 'லைட்ரூம் செட்டிங்ஸ்' ஃபோல்டரில்தான் சாஃப்ட்வேர் தேடும். பழைய பிரீசெட்கள் தானா அங்கே போய்ச் சேராது. டிக்கை எடுத்துட்டு, லைட்ரூமை மூடித் திறங்க.

பழைய ஃபைலா?
2018 ஏப்ரலில் வந்த 7.3 பதிப்பில் பிரீசெட் ஃபைல் வகையே மாறிடுச்சு. முன்னாடி 'எல்ஆர் டெம்ப்ளேட்', இப்போ 'எக்ஸ்எம்பி'. சீனியர் பென் டிரைவ்ல கொடுத்த பழைய ஃபைலை ஃபோல்டர்ல வெறுமனே காப்பி பண்ணாதீங்க. பிளஸ் குறியில் 'இம்போர்ட் பிரீசெட்ஸ்' கொடுத்தா, அதுவே மாத்திக்கும்.

லேப்டாப் புதுசா?
கிளாசிக்கில் இருக்கிற பிரீசெட்கள் கிளவுட் வழியா வந்து சேராது. பழைய மெஷினில் அதே டேபில் 'ஷோ லைட்ரூம் டெவலப் பிரீசெட்ஸ்' பட்டனை அமுக்குங்க. ஃபோல்டர் தானாத் திறக்கும். காப்பி பண்ணிக் கொண்டுவந்து புது மெஷின்ல இம்போர்ட் கொடுங்க, வேலை முடிஞ்சது.

சரி, பழைய லேப்டாப்பே செத்துப் போச்சு, ஃபைலும் நிஜமாவே போச்சு, ஆனா கேட்டலாக் எக்ஸ்டர்னல் டிஸ்க்ல பத்திரமா இருக்குன்னு வெச்சுக்குவோம். அப்பவும் வழி இருக்கு! பிரீசெட் அழிஞ்சாலும், அதைப் போட்டு எடிட் பண்ணின படங்கள் மாறாது. அந்த எண்கள் கேட்டலாக்கில் ஒவ்வொரு படத்தோடயும் பதிவாகி இருக்கும். அப்படி ஒரு படத்தைத் திறந்து, 'ஹிஸ்டரி' பேனலில் அந்த பிரீசெட் பெயர் இருக்கிற வரியைக் கிளிக் பண்ணுங்க. அதுக்கப்புறம் நீங்க செஞ்ச சில்லறை வேலையெல்லாம் விலகிடும். பிளஸ் குறியில் 'கிரியேட் பிரீசெட்' கொடுங்க. எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் ரெண்டும் படத்துக்குப் படம் மாறும், அந்த டிக்கை மட்டும் எடுத்துடுங்க. பெயர் வெச்சு சேவ் பண்ணினா, தொலைஞ்சது திரும்பி வந்தாச்சு! மீதிப் படங்களும் அதே கலர்ல போகும்.

கடைசியா ஒண்ணு. லைட்ரூமை மூடும்போது 'பேக்அப் எடுக்கட்டுமா?'ன்னு கேட்குமே, அதை நம்பி நிம்மதியாத் தூங்கிடாதீங்க. அது கேட்டலாக்குக்கு மட்டும்தான் பேக்அப். பிரீசெட் ஃபோல்டர் அதுல சேராது. எல்லா பிரீசெட்டையும் சேர்த்தாலும் பென் டிரைவ்ல ஒரு மூலைக்குக்கூடக் காணாது. இன்னிக்கே ஒரு காப்பி போட்டு வைங்க. அடுத்த கல்ச்சுரல்ஸ் வந்துக்கிட்டே இருக்கு!